நீங்கள் உலர்த்திய கடைசிப் புல்

தினமும் புல் வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்து என்னிடம் திட்டு வாங்கிய என் மனிதருக்கு,

என்னங்க, நல்லாயிருக்கீங்களா? செத்துப்போனவரிடம் இப்படியா கேட்பாள் என்று படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நீங்கள் இருந்தவரை உங்களைப் பார்த்ததும் என் வாயில் வருவது 'சாப்பிட்டீங்களா' தான். இப்போது அதைக் கேட்க முடியாது, அதனால்தான் இது.

புக்கிட் பாத்தோக் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வாசலில் உங்கள் ரப்பர் பூட்ஸை நான் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அதற்குள் தலையை விட்டுத் தூங்குகிறது. துரத்தினால் போய்விட்டு மறுபடி வருகிறது, உங்களை மாதிரியே சொன்ன பேச்சு கேட்பதில்லை.

நம் மகள் பவி பொங்கோலிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள். வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "அம்மா, போதும்லா. அப்பாவோட புல்லு வெட்டுற தொழில வித்துடுங்க. லாரி, மெஷின், காண்ட்ராக்ட் எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்க அந்தப் பெரிய கம்பெனி ரெடியா இருக்கு. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வெயிலு?" என்பாள். நான் சட்னி அரைப்பது போல மிக்ஸியைப் போட்டுவிடுவேன். ஆனால் எத்தனை நாளைக்கு மிக்ஸி ஓடும்? இந்த மாதக் கடைசியில் பதில் சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பல் மருத்துவர் கிளினிக்கில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். புல் என்றால் எனக்குத் தெரிந்தது வாஷிங் மெஷின் வடிகட்டியில் சிக்கிக்கொள்வது மட்டும்தான். நீங்கள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். லாரி சாவி என் கையில் இருந்தது. செல்வம் வந்து, "அக்கா, நாளைக்கு சிராங்கூன் பங்களா இருக்கு, போகவா வேணாமா?" என்று கேட்டான். புதுக்கோட்டையிலிருந்து வந்து நம்மை நம்பி வேலை செய்கிற பிள்ளை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? போ என்றேன். அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

அந்த சிராங்கூன் பங்களாக்காரரை நான் சமாளித்துவிட்டேன். இப்போதும் வெட்டி முடித்ததும் குந்தி உட்கார்ந்து புல்லை விரலால் தடவிப் பார்க்கிறார். "சார், முடி வெட்டிக்கிட்டா இப்படித்தான் தடவிப் பாப்பீங்களா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். நீங்களாக இருந்தால் பணிவாக நின்றிருப்பீர்கள்.

ஆனால் மேடம் கோவின் நிலம் வேறு கதை. அங்கே நான் செய்த கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கிராஞ்சிப் பக்கம், அவர் கணவர் ஆர்க்கிட் வளர்த்த நிலம். பூவெல்லாம் போய் இப்போது இடுப்பளவு கினியாப் புல். அதை வெட்டி ஷாகுல் பாயின் ஆட்டுப் பண்ணைக்குக் கொடுப்பதும், மிச்சத்தை உலர்த்திக் கட்டுவதும் உங்கள் பைத்தியம். எல்லாம் தேக்கா கடைத்தெருவில் பொங்கலுக்குக் கட்டியிருந்த மாட்டைப் பார்த்த அன்று ஆரம்பித்தது. அதன் முன்னால் போட்டிருந்த காய்ந்த புல் கப்பலில் வந்தது என்று யாரோ சொன்னார்கள். "ஊரெல்லாம் புல்ல வெட்டிக் குப்பையில போடறோம், மாட்டுக்கு மட்டும் கப்பல்ல வருதா?" என்று தேக்கா முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தீர்கள். மறுநாள் நம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, என் துணி காயவேண்டிய மூங்கில் கழியில், கட்டுக்கட்டாகப் புல் தொங்கியது. கீழ் வீட்டு அம்மா தன் வெள்ளைப் போர்வையில் விழுந்த புல்லை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மானமே போயிற்று.

தினம் மழை பெய்கிற ஊரில் புல்லை உலர்த்துகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நானும் சிரித்தேன். நீங்கள் மேடம் கோவிடம் கேட்டு, அந்தப் பழைய ஆர்க்கிட் கொட்டகையில் காற்றாடியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வைத்து, கடைசியில் உலர்த்தியே காட்டினீர்கள். நீங்கள் போனபோது உங்கள் கையால் கட்டிய கட்டுகள் அந்தக் கொட்டகையில் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. அதை நான் விற்கவில்லை. அதற்காகவே அந்த மெஷினை அணைக்காமல் ஓடவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே வெட்டு. வெட்டி முடித்ததும் செல்வம் லாரியோடு பாய் பண்ணைக்குப் போவான். நான் மட்டும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் கட்டுகள் மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். சட்டையில் வந்தால் திட்டிய அதே வாசனைதான். அங்கே மூச்சை இழுத்து இழுத்து அழுவேன். யாரிடமும் சொன்னதில்லை, பவிக்குக்கூடத் தெரியாது.

மேடம் கோ ஒவ்வொரு வாரமும் அங்கேயே இருக்கும் தன் வீட்டுப் பின்கட்டில் இரண்டு கிளாஸ் காப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்கு முட்டி வலி, எழுந்து வர முடியாது. கையைத் தூக்கிக் கூப்பிடுவார். நானும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, நெக்ஸ்ட் டைம் மேடம் என்று நழுவிவிடுவேன். நீங்கள் வெட்டுவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து அரை மணி நேரம் காப்பி குடிப்பதை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! வேலை செய்யப் போகிறாரா, விருந்துக்குப் போகிறாரா என்று. என் ஆட்சியில் அந்தக் காப்பியை நிறுத்திவிட்டேன். நேரம் மிச்சமாகிறது என்று எனக்குள் பெருமை வேறு.

போன செவ்வாயும் அப்படித்தான். லாரி போய்விட்டது. நான் கொட்டகைக்குள் இருக்கிறேன். கதவு திறந்தது. மேடம் கோ, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் ஆறிப்போன காப்பி. அந்த முட்டியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

மலாயும் ஆங்கிலமும் கலந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பின்வேலிப் பக்கம் பாம்பு பார்த்ததாக அவர் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து களைக்கொல்லி அடித்துவிட்டுப் போயிருக்கிறான். "நீ காப்பிக்கு வருவே, சொல்லலாம்னு உக்காந்திருந்தேன் லா. மெஷின் சத்தத்துல நான் கூப்பிட்டது யாருக்கும் கேக்கல. உன் சேகர் எப்பவும் கேப்பான், மேடம், மருந்து ஏதாச்சும் அடிச்சீங்களான்னு. நான் இல்லன்னு சொன்னப்புறம்தான் கிளாசைக் கீழ வைப்பான். நீ ஏன் ஒரு தடவைகூடக் கேக்கல?"

மருந்து அடித்து இரண்டு நாளில் புல் கருகாது, பச்சையாகத்தான் இருக்கும். செல்வம் எப்படிக் கண்டுபிடிப்பான்? அதையும் சேர்த்துத்தான் வெட்டி ஏற்றியிருந்தான். செல்வத்துக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பாய்க்குப் போட்டேன்.

"வந்துருச்சு தங்கச்சி, இப்பதான் இறக்குறாங்க."

"பாய், ஒரு புல்லுகூடப் போடாதீங்க! மருந்து அடிச்ச புல்லு. ஆட்டுக்கிட்ட கொண்டுபோகாதீங்க, அல்லா சத்தியமா போடாதீங்க!"

ஆமாம், பதற்றத்தில் அவர் சாமியையே கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவர் யாரையோ அதட்டுவது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பி வந்து, "ஒண்ணும் ஆகல. தொட்டிக்குப் போகல," என்றார்.

ஆனால் பாயின் அடுத்த கேள்வி நியாயமானது. "கப்பல் புல்லு நாளைக்குத்தான் வருது. உங்க புல்ல நம்பித்தான் இன்னிக்கு இருந்தேன். பால் கறக்கிற ஆடு நிக்குது. என்ன போடறது தங்கச்சி?"

கொட்டகையில் என்னைச் சுற்றிலும் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

செல்வம் அந்தப் பாழாய்ப்போன புல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து, குப்பைக்குப் போக வேண்டிய பைகளில் அடைத்து ஒதுக்கினான். லாரியைக் கழுவினோம். நான் சுவரோரம் கையைக் காட்டினேன். அவன் நகரவே இல்லை. "அக்கா, இது அண்ணன் கட்டினது."

"தெரியும்டா. ஏத்து."

"வேற எங்கயாவது கேட்டுப் பாக்கலாம்க்கா."

"ஏத்துன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டேன். பாவம், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினான். நான் லாரியில் முன்னால் ஏறிக்கொண்டேன். கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

பாய் ஒரு கட்டைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் போடும் அந்த இரட்டை முடிச்சை உலகத்தில் வேறு யார் போடுகிறார்கள்? கையை எடுத்துக்கொண்டார். "இது சேகர் புல்லு. வேணாம் தங்கச்சி. இருக்கறதப் பிரிச்சுப் போட்டு ஒரு ராத்திரி ஓட்டிடலாம். இத வீட்டுக்குக் கொண்டுபோங்க."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் சொன்னதும் அப்பாடா என்று இருந்தது. திருப்பி ஏற்றச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது உள்ளே ஒரு ஆடு கத்தியது.

"ஆட்டுக்குத்தானே பாய் அவர் காயவெச்சாரு? எனக்கா வெச்சாரு?" என்றேன்.

முடிச்சு அவிழவில்லை. செல்வம் கத்தியை நீட்டினான், நான் வாங்கவில்லை. நகத்தால் நோண்டி, பல்லால் இழுத்து, ஒவ்வொன்றாக நானே அவிழ்த்தேன். உதறினேன். வாசனை பொங்கிக்கொண்டு வந்தது. ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்து தின்றன. எவ்வளவு வேகமாகத் தின்றன தெரியுமா? நான் ஆறு மாதம் காவல் காத்ததைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டன. ஒரு குட்டி கடைசித் துரும்பை என் புடவையிலிருந்து இழுத்துத் தின்றது. நான் அங்கேயே, பாய் முன்னால், செல்வம் முன்னால், வாய்விட்டு அழுதேன். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது பாயிடம் கேட்டேன். "இனிமே எங்க புல்ல நம்பி வாங்குவீங்களா பாய்?"

"போன் பண்ணாம இருந்திருந்தா வாங்க மாட்டேன்," என்றார். "பண்ணினீங்கல்ல. அடுத்த செவ்வாய் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்ததும் பவியைக் கூப்பிட்டு, மாதக் கடைசி வரை எதற்கு, இப்போதே சொல்கிறேன், விற்கப் போவதில்லை என்றேன். "ஐயோ அம்மா!" என்றாள். பிறகு முழுக் கதையையும் சொன்னேன். முடித்ததும், "அப்பா புல்லு எல்லாமே போயிடுச்சா? எனக்குக் கொஞ்சம் வெச்சிருக்கலாம்லம்மா," என்று சின்னப் பிள்ளையாக அழுதாள். அவளுக்கும் அந்த வாசனை வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று? வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இந்தச் செவ்வாய் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

நாங்கள் இருவரும் முதலில் மேடம் கோவின் பின்கட்டில் உட்கார்ந்தோம். மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, மகனைத் திட்டிவிட்டேன் என்றார். பின்வேலிப் பக்கத்தை இப்போதைக்குத் தொடவேண்டாம் என்று பேசி முடித்தோம். பிறகு காப்பியை ஒரு வாய் குடித்தேன். பாவி மனுஷா! அடியில் ஒரு விரல் உயரத்துக்கு, பாகு மாதிரி இனிக்கிற டின் கெட்டிப் பால்! சேகருக்கு இப்படித்தான் பிடிக்கும் என்கிறார் மேடம். வீட்டில் சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு எவ்வளவு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தீர்கள்! சண்டை போடவாவது ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போகக் கூடாதா? மேடம் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். பவிதான் சிரித்துக்கொண்டே சமாளித்தாள்.

அன்று வெட்டியதில் பாதியைக் கொட்டகையில் பரப்பியிருக்கிறோம். இரண்டு நாளாகப் பவிதான் போன் பண்ணிப் பண்ணி, புரட்டிப் போட்டாச்சா என்று கேட்கிறாள். நாளை கட்டிவிடலாம் என்று செல்வம் சொல்கிறான். உங்கள் பழைய கயிறுகளை நான் எறியவில்லை, அவற்றால்தான் கட்டப் போகிறேன். இரட்டை முடிச்சு எனக்கு இன்னும் வரவில்லை. அவிழ்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன், போடவும் வந்துவிடும்.

உங்களிடம் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி எந்த நிலத்திலும், நிலத்துக்காரரோடு உட்கார்ந்து கேட்காமல் மெஷினைத் தொட மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி. மேடம் கோ உங்கள் கிளாசைக் கழுவி எனக்கென்று தனியாக வைத்துவிட்டார். கெட்டிப் பால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பவிக்கு நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் பெண்டாட்டி,
பவிம்மா