லேத் ஓடுவதைப் பார்த்த வருஷம்

சங்கராந்தி லீவு முடிந்து இன்று காலை எங்கள் கம்பெனி மெஷின் ஷெட்டைத் திறந்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. இரும்பை வெட்டும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட், நாலைந்து நாள் அசையாமல் தொட்டியில் கிடந்ததில் புளித்துப் போயிருந்தது. கூட வந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் அப்படியே நின்றேன். உன் ஞாபகம் வந்துவிட்டது. திருப்பதி ரோட்டில் இருந்த அந்தப் பம்பு கம்பெனிக்குள் நாம் நுழைந்த முதல் நாள், இதே நாற்றத்துக்கு நீ சொன்னாய்: "அய்யே, கெட்டுப்போன மோரு மாதிரி கீதுடி. பரவால்ல, வேல கத்துக்கினா போதும்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

சித்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். உன் நைனா சர்ச்சில் மணியடித்து, பெஞ்சு துடைத்து வந்தார். என் வீட்டில் எல்லாரும் புத்தலப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். கம்பெனி வருது, கம்பெனி வருது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சர்க்கார் வேலை இனி கிடையாது, கையில் தொழில் இருந்தால்தான் பிழைக்கலாம் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட நமக்குப் புத்தி சொன்னார். ஐ.டி.ஐ.யில் இரும்பு கடைய இருந்த இரண்டு லேத்தில் ஒன்று ரிப்பேர். இன்னொன்றுக்குக் கரண்ட் இருந்தால் பையன்கள் சுற்றி நிற்பார்கள். "கம்பெனிக்குப் போனா கத்துக்கலாம்" என்று சொல்லியே உன்னை நீ சமாதானப்படுத்திக்கொள்வாய். அப்ரண்டீஸ் என்றால் அதற்குத்தானே? ஒரு வருஷம் மெஷினில் வைத்துப் பழக்குவார்கள் என்றுதானே கையெழுத்துப் போட்டோம்?

பேக்கிங்கில் போட்டார்கள். வார்த்து, கடைந்து, பளபளவென்று வருகிற பம்பு உருப்படிகளை எண்ணெய்த் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முதல் வாரம் பழகட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். மாதங்கள் போயின. நம்மோடு சேர்ந்த பையன்களில் சிலரை மெஷினுக்கு மாற்றினார்கள், மற்றவர்களை லாரியில் லோடு ஏற்ற அனுப்பினார்கள். சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய ஆளுக்குப் பதிலாகத்தான் நாம் அங்கே இருந்தோம் என்பது புரிய எனக்கு நாளானது. உனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனாய். தமிழில் கேட்டால் காதில் விழாத மாதிரி இருப்பார் என்று, எங்களுக்கு மெஷின் எப்போது சொல்லித் தருவீர்கள் என்பதைத் தெலுங்கிலேயே கேட்டாய். "சார், மாக்கு மெஷின் எப்புடு நேர்ப்பிஸ்தாரு?"

அவர் கோபப்படக்கூட இல்லை. நம்மை அவர் அந்த அளவுக்கு மதித்ததில்லை. "பெள்ளி சேஸ்குனி வெள்ளிப்போதாரு. மீக்கு மெஷின் எந்துகம்மா?" கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடப் போகிறீர்கள், உங்களுக்கு எதற்கு மெஷின்? சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ திரும்பி வந்து, எண்ணெய்த் தாளை எடுத்து, அதைக் கிழிக்காமல் மடித்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "நான் கட்டிக்கினா இன்னா, கட்டிக்காட்டி இன்னா? என் கை என்கூடத்தானே வரும்?"

அப்புறம் அந்த ஆய்வு நாள். பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரி ஒருவர் வருகிறார் என்று காலையிலிருந்தே தரையைக் கழுவினார்கள். கழுவியதும் நாம்தான். மதியம் நமக்குக் கண்ணாடியும் புது ஏப்ரனும் கொடுத்து ஆளுக்கொரு லேத் முன்னால் நிறுத்தினார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எதையும் தொட்டுத் திருப்பக் கூடாது. அப்படியும் நம்பாமல் மெயின் சுவிட்சையே அணைத்து வைத்திருந்தார்கள்.

அதிகாரி நல்ல மாதிரிதான் தெரிந்தார். உன் முன்னால் நின்று, "நல்லா கத்துக்கிறியாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"கரண்ட்டு இல்ல சார். மெயின போடச் சொல்லுங்கோ, கத்துக்கினத காட்டுறேன்" என்றாய்.

வேறு வழியில்லாமல் போட்டார்கள். நீ சுவிட்சை அழுத்தினாய். லேத் சுற்ற ஆரம்பித்தது. நீ இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவரும் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். அப்புறம், "அவ்ளோதான் சார். ஓடுறத பாக்குறதுக்குக் கத்துக்கினு கீறோம்" என்றாய்.

"நானும் அதேதான் சார்" என்று பக்கத்து லேத்திலிருந்து நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் சொன்னேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். கெட்டிக்காரப் பெண் என்று சூப்பர்வைசரிடம் தெலுங்கில் பாராட்டிவிட்டு ஆபீசுக்குள் போனார். டீயும் பக்கோடாவும் போயின. அவர் வண்டி கிளம்பும்வரை நீ ஏப்ரனைக் கழற்றாமல் நின்றிருந்தாய். ஏதோ நடக்கும் என்று நம்பினாய். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சூப்பர்வைசரைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம். அவருக்குப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் பக்கோடா தின்றார்.

நடந்தது இவ்வளவு. மறுவாரம் என்னை லேத்துக்கு அனுப்பினார்கள், உன்னை முன் ஆபீசில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். "வாய் இருக்குல்ல, அதுக்கேத்த வேலை" என்று மேனேஜர் சொன்னாராம். கேட்டது நீ, கிடைத்தது எனக்கு. நீ அதற்கு ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு இன்னா பண்ண, சொல்லு" என்பாய். நான் சொல்லுவேன். என்னோடு லேத்தில் வேலை பார்த்த கோவிந்தண்ணன் சாப்பிட்டு வந்ததும் வாசல் பக்கம் போய் பீடி பற்றவைப்பார். "நான் இங்க நிக்கிறேன், சூப்பர்வைசர் வந்தா இருமுறேன்" என்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ லேத்தில் நிற்பாய். சோறு பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

வருஷக் கடைசியில் டிரேட் டெஸ்ட். கம்பியில் திருகு மரை போட வேண்டும், அதில் நட்டு ஏறி இறங்க வேண்டும். உன் நட்டு விரலால் சுண்டினாலே ஓடியது. நீ பாஸ். நானும் பாஸ். சர்டிபிகேட்டை உன் நைனா பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனோம், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே புது அப்ரண்டீஸ்கள் எண்ணெய்த் தாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அம்பத்தூருக்கு ஒன்றாகத்தான் ரயில் ஏறினோம். படியேறிப் படியேறிக் கேட்டோம். அனுபவம் இருக்கா என்பார்கள். அப்ரண்டீஸ் செய்தோம் என்றால், அது அனுபவமில்லை என்பார்கள். கடைசியில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் லேத்தில் நிறுத்திப் பார்த்தார். இருவர் வேலையும் அவருக்குப் பிடித்திருந்தது. "கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அது உண்மை. நீ ஆயிடுச்சு என்றாய். அதுவும் உண்மை. என்னை எடுத்துக்கொண்டார். திரும்பி சென்ட்ரல் வரும்வரை நீதான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாய். "நீ நில்லுடி அங்க. ஒருத்தியாவது நிக்கணும்."

கர்நாடக எல்லையில் இருக்கிற குப்பம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். விடிவதற்கு முன் எழுந்து சோறு கட்டி, ரயிலேறிப் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போய் வந்தாய். போனில் ஒரு முறை கேட்டேன், தையல் நன்றாக வருகிறதா என்று. நீ சிரித்தாய். "எனக்குச் சட்ட தைக்கத் தெரியாதுடி. காலர் தைக்கத் தெரியும். சேர்ந்த அன்னிக்கு அரை மணி சொல்லிக் குடுத்தாங்கோ, இத்தினி வருஷமா அதான். கை தைக்கிறவ கையே தைக்கிறா, பட்டன் வைக்கிறவ பட்டனே வைக்கிறா. ஒருத்திக்கும் முழுச் சட்ட தெரியாது. தெரிஞ்சா வீட்டுலயே தச்சிப் பொழச்சிக்குவோம்ல?"

நான் அம்பத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும், அங்கிருந்து திருப்பதிக்கும் வந்தேன். கம்ப்யூட்டர் மெஷின்கள் வந்தன, அதையும் கற்றுக்கொண்டேன். இப்போது மீட்டிங்கில் உட்கார வைக்கிறார்கள். திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று அங்கே ஒவ்வொரு முறையும் புலம்புகிறார்கள். சுவரில் திறன் வளர்ப்பு என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லையாம்! கேட்டுக்கு வெளியே நிறுத்திய ஆட்களை யாராவது எண்ணினார்களா? நான் இதைச் சொன்னால், மேடம் பழைய கதை பேசுகிறார் என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளுகிறார்கள்.

போன மழைக்காலத்தில் நீ கடைசியாகக் கூப்பிட்டாய். உன் மகள் எஸ்தர் டிப்ளமோ முடித்துவிட்டாள், எலக்ட்ரானிக்ஸ். "அப்ரண்டீஸ் போடட்டுமாடி? நீ உள்ள கீற, உனக்குத் தெரியும். இப்பல்லாம் கத்துத் தராங்களா?" என்று கேட்டாய். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே உனக்குக் காய்ச்சல் என்று சேதி வந்தது. டெங்கு. நான் குப்பம் போய்ச் சேர்ந்தபோது உன்னை சர்ச்சுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். உன் கேள்விக்குப் பதிலைக் கேட்க நீ இல்லை.

எஸ்தர் அவளாகவே சேர்ந்துவிட்டாள். இங்கேதான், போன் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில். அலிபிரிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இன்று சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, என்ன வேலை தருகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒரு ஸ்குரூ பெரிம்மா. லைன்ல போன் வரும், அந்த ஒரு ஸ்குருவத் திருகிட்டு அனுப்பணும்."

"சர்க்யூட்டு, டெஸ்டிங்கு?"

"அது கண்ணாடி ரூமுக்குள்ள. எங்கள உள்ள வுட மாட்டாங்க. எப்ப விடுவீங்கன்னு லீவுக்கு முன்னால கேட்டேன்."

"யார்கிட்ட?"

"ஹெச்.ஆர். சார்கிட்ட. எல்லார் முன்னாலயும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். உன் மூக்கு, உன் நெற்றி, அதே அவசரப் பேச்சு. பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் கோபமாக இருந்தது. "அவரு இன்னா சொன்னாரு?" என்றேன்.

"பாக்கலாம்னாரு. சிரிச்சாரு."

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவளோடு சேர்ந்து அந்தக் கம்பெனிக்குப் போகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை, உன் அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனால் அவள் கேட்டதற்கு ஒரு பதில் வரும்வரை அவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பேன். டீ கொடுத்தால் குடிக்க மாட்டேன்.