மேற்குச் சுவர்

ஜூன் 4

இன்று ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. வக்கீலம்மா யோசனை. நாங்கள் பிரிகிறோம்; சாமான்களில் என் கணவருக்கு நீலம், எனக்குச் சிவப்பு. குக்கர் சிவப்பு. சோபா நீலம். தையல் மெஷின் சிவப்பு. சுவர்க் கடிகாரத்துக்கு இரண்டு பேரும் கை நீட்டவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மகள் சுண்டெலி ஸ்கூல் விட்டு வந்து பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு நீலத்தை ஒரு கன்னத்திலும் ஒரு சிவப்பை மறு கன்னத்திலும் ஒட்டிக்கொண்டு ஹோம்வொர்க் செய்ய உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அவள் அறையில் நிற்கும் பெரிய மர பீரோ, மாமியாருடையது. அதற்கு என் கணவரே நீலம் ஒட்டினார். "இதை மட்டும் தொடாதே. பழசு, கழன்றிடும். கையெழுத்தெல்லாம் முடியட்டும், நானே ஆளோட வந்து எடுத்துக்கறேன்." சரி, யார் தொடப் போகிறார்கள் அந்த யானையை?

ஜூன் 7

வக்கீலம்மா அறையில் இரண்டாவது பேச்சு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர். விதி எளிது: ஒருவர் சொத்தை இரண்டு சம பங்காகப் பிரிக்க வேண்டும், இன்னொருவர் முதலில் எடுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு கேக் துண்டு இருந்தால் நாம் செய்வதுதான்.

கட்டட ரிப்பேர் செய்பவர், விலை தெரிந்தவர் என்பதால் என் கணவர் பிரித்தார். வீடு ஒரு பங்கு. பட்டறை, வேன், சாமான்கள் எல்லாம் இன்னொரு பங்கு. "வீட்டுக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். பரவாயில்லை, சமம்னே வெச்சுக்கலாம். பொண்ணுக்கு ஸ்கூல் பக்கம்" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் என் காதைக் கடித்தான்: "மனுஷன் தங்கம். நீதான் அவசரப்பட்டுட்டியோன்னு தோணுது."

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன். என் வளையலை விற்றுத்தான் வேனுக்கு டயர் மாற்றினார். இன்றைக்கு வீட்டையே நீட்டுகிறார்.

அடுத்த பேச்சில் நான் பதில் சொல்ல வேண்டும். படியில் இறங்கும்போது கேட்டார், "வீடுதானே?" சும்மா கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் பதிலுக்காக நின்றார்.

ஜூன் 9

மழை. குளியலறைக் கதவு மூடமாட்டேன் என்கிறது. ஈரத்துக்கு உப்பியிருக்கும்.

ஜூன் 11

ஸ்கூல் ஆய்வகத்தில் கணக்கெடுப்பு. என் வேலையில் பாதி இதுதான்: குடுவைகளை எண்ணு, கழுவு, மறுபடி எண்ணு. மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடித் தகடுகளின் மூலையில் எல்லாம் நான் பச்சை மையில் ஒரு புள்ளி வைத்திருப்பேன். கீறல் விழுந்து கழித்த ஒரு டப்பாவைப் போன வருஷம் இவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். யார் வீட்டிலாவது விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு தகட்டைச் சாந்து வைத்து ஒட்டிவிடுவார். சுவர் அசைந்தால் தகடு உடைந்துவிடும். "சுவர் பொய் சொல்லாது" என்று அப்போது பெருமையாகச் சொன்னார்.

ஜூன் 12

வெளியே தனியாகத் தங்கியிருக்கும் அவர், மகளைக் கூட்டிப்போக வந்தார். அவள் ரெடியாகி வாசலில் நிற்கிறாள், இவரைக் காணோம். அவள் அறையில், பீரோவின் பக்கத்தில் நின்று சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லை, ஈரம் இருக்கான்னு பார்த்தேன்." போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 15

மத்தியானம் அவள் அறைப் பக்கமிருந்து டிக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி உடைந்த மாதிரி. ஜன்னல் சரியாக இருக்கிறது, டியூப்லைட் சரியாக இருக்கிறது, டம்ளர் எதுவும் உடையவில்லை. என்னவாக இருக்கும்?

சாயங்காலம் சுண்டெலி ஒரு கோலியைத் தரையில் வைத்துக் காட்டினாள். தானாக உருண்டு பீரோவின் அடியில் போய் மறைந்தது. "எங்கே வெச்சாலும் அங்கேதாம்மா போகுது!" அவளுக்குக் குஷி.

ஜூன் 16

"கட்டிலை மாத்தும்மா. சுவர் முணுமுணுங்குது."

ஜூன் 18

இதை எழுத வேண்டும்.

காலையில் பீரோக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடினால் மறுபடி திறக்கிறது. பின்னாலிருந்து யாரோ தள்ளின மாதிரி பீரோ முன்பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை மேல் விழுந்தால்? அண்ணனை வரச்சொன்னேன். அவர் தொடாதே என்றது ஞாபகம் வராமல் இல்லை. தொட்டோம். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து நகர்த்தினோம்.

பின்னால் உப்பியிருந்த சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், என் சுண்டுவிரல் போகிற அளவு. அதன் குறுக்கே மூன்று கண்ணாடித் தகடுகள், சாந்து வைத்து ஒட்டியிருந்தன. மூன்றும் உடைந்திருந்தன. இரண்டின் முறிவில் தூசி படிந்திருந்தது. மூன்றாவது பளபளவென்று, இப்போதுதான் உடைந்த மாதிரி.

மூலையில் பச்சைப் புள்ளி.

பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: நவம்பர். நாங்கள் பிரிவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது ஜனவரியில்.

அண்ணன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "தங்கம்னு சொன்னேனே" என்றான். கட்டிலை உடனே முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அந்த அறையைப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 19

தெரிஞ்சே செஞ்சிருக்கான். தெரிஞ்சே! பொண்ணு தலைமாட்டுல சுவர் பிளக்குது, இவன் அதுக்கு முன்னால பீரோவை நிறுத்தி வெச்சு, வீட்டை எனக்கு தானம் பண்றான். நான் வீட்டைத்தான் எடுப்பேன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். என்னை இத்தனை வருஷம் படிச்சது இதுக்குத்தானா?

வீட்டையே விடத் துணிந்தவனுக்கு ஒரு பீரோவை விட மனசு வரவில்லை. விட்டிருந்தால், சிவப்பு ஒட்டியிருந்தால், கையெழுத்து முடியும்வரை நான் ஏன் அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கப் போகிறேன்?

ஜூன் 21

வக்கீலம்மா, "சொல்லுங்கம்மா, எந்தப் பங்கு?" என்றார்.

"பட்டறை."

என் கணவர் காதில் விழாத மாதிரி சிரித்தார். "வீடுன்னு சொல்ல வந்தியா?"

"பட்டறைதான். நீங்க போட்ட பங்குதானே? சமம்தானே?"

"சமம்… சமம்தான்."

"அப்ப வீடு உங்களுக்கு. சனி ஞாயிறு பொண்ணு உங்ககிட்டதான் இருப்பா. அவ ரூம் அப்படியே அவளுக்கு இருக்கட்டும்."

அவர் கழுத்தில் வேர்வை ஓடியதைப் பார்த்தேன். விழுந்தது பார் இடி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆம், சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? இப்போதே வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. தண்ணீர் குடித்தார். அடுத்த வாரம் கையெழுத்து.

ஜூன் 25

போன் வரவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. "அந்த ரூம்ல அவளைப் படுக்க வைக்க முடியாது." சொன்னால் திருட்டு வெளியே வந்துவிடும், அதுதான். சொல்லமாட்டார். அவளை வேறு அறையில் படுக்க வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாரோ என்னவோ. சுவர் விழுந்தால் கூரை எந்த அறையை விட்டுவைக்கும்?

சரி, நான்? எனக்கும்தான் வாய் இருக்கிறது. வீம்பில் பூட்டி வைத்திருக்கிறேன். அவர் மறைத்தால் துரோகம், நான் மறைத்தால் சாமர்த்தியமா? இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சுவருக்கு அடியில் யாரை நிறுத்தியிருக்கிறோம்?

மழை விடவில்லை.

ஜூன் 28

உடைந்த தகட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன். அதை வெளியே எடுக்கக்கூடாது என்றுதான் நினைப்பு. அவர் தானாகச் சொல்லட்டும், கடைசி வாய்ப்பு.

முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பக்கத்திலும் போட்டார். மூன்றாவதைத் திருப்பும்போது கை நின்றது. என்னைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பேனாவை உதறிவிட்டு மறுபடி குனிந்தார்.

என்னால் முடியவில்லை. கைக்குட்டையைப் பிரித்துத் தகட்டை அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன். பச்சைப் புள்ளி தெரியும்படி.

தகட்டை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, "உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"உங்களுக்கு அப்புறம்தான்."

"மழைக்கு முன்னாடி வந்து சரிபண்ணித் தரலாம்னுதான்…"

"மழை வந்து எத்தனை நாளாச்சு?"

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குத் தெரிந்தும் போன முறை வாய் மூடி இருந்ததையும். அவர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அது எனக்குத் தேவைதான். அப்புறம் பேனாவை என் கணவர் கையிலிருந்து வாங்கி மூடி போட்டார். "ரெண்டு பேரும் இன்னிக்கே அந்த வீட்டைக் காலி பண்ற வழியைப் பாருங்க. சொத்துப் பேச்சு அப்புறம்."

ஜூலை 20

எங்கள் இரண்டு பக்கமும் சாராத ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். கட்டடத்துக்கு மதிப்பே இல்லையாம், மனைக்கு மட்டும்தான். இரண்டு பங்கையும் கலைத்து ஒன்றாக்கினார்கள். மனையை விற்று ஆளுக்குப் பாதி. பட்டறையை என் கணவர் வைத்துக்கொண்டு அதன் மதிப்பில் பாதியை எனக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நஷ்டமும் பாதிப் பாதி. அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை, "அவன் பண்ணினதுக்கு நஷ்டம் முழுக்க அவன் தலையில கட்டியிருக்கணும்" என்று குதித்தான். சுவரை அவர் பிளக்கவில்லையே. மறைத்தார், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

ஆகஸ்ட் 9

போன் செய்தார். மேற்குச் சுவர் விழுந்துவிட்டது. கட்டில் இருந்த இடம் முழுக்கச் செங்கல். கூரையும் பாதி உள்ளே. வீட்டில் யாரும் இல்லை, தெருவிலும் யாருக்கும் அடியில்லை. சொல்லிவிட்டு அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

செப்டம்பர் 3

வாடகை வீடு பழகிவிட்டது. சின்னதுதான், வெளிச்சம் உண்டு. சுண்டெலி வந்த அன்றே கோலியைத் தரையில் வைத்துப் பார்த்தாள். நகரவில்லை. "இது போர்" என்றாள்.

காலையில் அவளைக் கூட்டிப்போக வந்தார். இளைத்திருக்கிறார். அவள் செருப்பு மாட்டும் நேரத்தில் உள்ளே வந்து, கேட்காமலே, அவள் அறைச் சுவரை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். அவருடைய பழக்கம், விடாது.

"சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா."

இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று கையாட்டினேன். அப்புறம் உள்ளே போய் அவளுடைய சின்ன பீரோவை நகர்த்திப் பின்னால் சுவரைப் பார்த்தேன்.