ஒரே டிஸ்க்கில் ஓடி முடித்த எருது

மச்சான்,

இன்று காலை மண்டிக்குப் போகிற தக்காளிக் கிரேட்டுகளில் நம் பெயரை மருமகள் எழுதிக்கொண்டிருந்தாள். மார்க்கர் பேனா மூடியைத் திறந்ததும் அந்த வாடை குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் உன் வீடியோ ஸ்டுடியோ. மிஷினில் இருந்து சூடாக வரும் டிஸ்க்கின் முதுகில் அந்தப் பேனாவால் எழுதுவாய். எனக்கு மட்டும் படம் வரைந்து தருவாய், எழுத்து தெரியாதவன் என்று.

இந்த மடலும் அப்படித்தான். சொல்வது நான், எழுதுவது மருமகள். "எங்கப்பா கதையா மாமா? பார்த்துச் சொல்லுங்க, அவர் மானம் என் கையில இருக்குது" என்கிறாள். அவள் அப்பன், என் சம்பந்தி, ஜவளகிரிக்காரர். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

அந்தத் தை மாசம் அவர் ஊர் எருது விடும் விழாவுக்கு நம் செவலை எருதை ஓட்டிப் போனோம். கொம்பில் கட்டியது நீயும் நானும் உட்கார்ந்து பின்னிய மூங்கில் தட்டி, மேலே மஞ்சள் துணி. கூட்டத்துக்கு நடுவில் எருது ஓடும்போது அதைப் பறித்தவன் வீரன். யார் கைக்கும் கொடுக்காமல் எல்லைக் கம்பைத் தாண்டினால் எருதுதான் வீரன். எருதை அவிழ்த்து விடும் வாசலில் நான் கயிறு பிடித்தேன். விட்ட பிறகு எனக்குத் தெரிந்தது புழுதி மட்டும். பொழுது சாயும்போது உண்ணிமுள் புதருக்குள் செவலையைப் பிடித்தோம், கொம்பில் தட்டி இல்லை.

"எங்க ஊருப் பையன் புடுங்கிட்டான்யா" என்றார் சம்பந்தி.

"எல்லை தாண்டினப்புறம் முள்ளுல மாட்டிச் சிக்கியிருக்கும்" என்றேன். நான் பார்க்கவில்லை, மச்சான். ஆனாலும் அடித்துச் சொன்னேன்.

"காட்டுங்க. காட்டினா, அடுத்த தைக்கு எங்க கோயில் எருதுக்கு அடுத்து உங்க எருதுதான், மேளத்தோட. காட்டலைன்னா இந்த ஊரு வாசல்ல உங்க எருது நிக்கக் கூடாது."

பார்த்தது உன் கேமரா ஒன்றுதான். ஆனால் அந்த டேப்பின் மேல் அடுத்த முகூர்த்தத்திலேயே ஒரு கல்யாணத்தை ஏற்றிவிட்டாய். மிச்சம் இருந்தது அதற்கு முன்பே பெங்களூரில் பதிந்து வாங்கிய ஒரே ஒரு பெரிய டிஸ்க். ரெண்டு அடுக்காம் அதற்கு, நாள் முழுவதும் அதற்குள் அடக்கம். சம்பந்தி வீட்டு டிவிடி பெட்டியில் போட்டோம். கிர்ரென்று சுற்றியது, நின்றது, வெளியே துப்பியது. "சாதா டிஸ்க்குதான் திங்கும்போல" என்றாய். உன் கடையில் இருந்ததும் சாதா டிஸ்க்குதான், பெரியதில் பாதிதான் கொள்ளும்.

முதலில் முழு நாளையும் அமுக்கி ஒரே டிஸ்க்கில் திணித்தாய். போட்டுப் பார்த்தால் முகமும் தெரியவில்லை, கொம்பும் தெரியவில்லை. "இது எருதா, ராகிக் களியா?" என்றார் சம்பந்தி. ஊரே சிரித்தது.

அடுத்த தடவை மிஷினையே பிரிக்க விட்டாய். அது சரிபாதியாக வெட்டி ரெண்டு டிஸ்க்காகக் கொடுத்தது. முதல் டிஸ்க்கில் செவலை வாசலில் இருந்து பாய்ந்தது, நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு தாவல் தாவியது, படம் முடிந்துவிட்டது! நீ வேர்க்க வேர்க்க அடுத்த டிஸ்க்கை மாட்டினாய். அதில் செவலை எல்லைப் பக்கம் ஓடுகிறது, கொம்பில் மஞ்சள் துணி பறக்கிறது.

பின்னால் இருந்து ஒரு கன்னடக் குரல், "எத்து எல்லி ஹோய்த்தப்பா?" எருது எங்கப்பா போச்சு என்று. சம்பந்தி அதையே பிடித்துக்கொண்டார். "நடுவுல எருதை மாத்திட்டீங்க. அது வேற எருது, இது வேற எருது. வெட்டின படத்தை எவன் நம்புவான்?"

திரும்பும்போது தளியில் இறங்கினோம். அங்கே டீ குடிக்கும்போது சட்டென்று சொன்னாய்: "தப்பு என்னுது மச்சான். மூட்டையைப் பிரிக்கிற மாதிரி எடை பார்த்துப் பிரிச்சுட்டேன். எருது ஓடற எடத்துலயா வெட்டறது? ஜனம் சோத்துக்குப் போற எடத்துல வெட்டணும்."

ரெண்டில் அடங்குவதை மூன்றாக்கினாய். விடிந்ததில் இருந்து மத்தியானச் சோறு வரைக்கும் ஒன்று. அது நிரம்பவில்லை, பாதி காலியாகவே விட்டாய். சோற்றுக்குப் பின்னால் முதல் எருதில் இருந்து செவலையைப் பிடிக்கப் போனது வரைக்கும் ஒன்று. பரிசும் பேச்சும் கடைசி. முதலாவதின் மேல் சூரியன் வரைந்தாய், நடுவானதில் ரெண்டு கொம்பு, கடைசியில் பரிசுச் சொம்பு. "கொம்பு டிஸ்க்கை நீயே பெட்டியில போடு, உன் எருது" என்றாய்.

நானே போட்டேன், மச்சான். சம்பந்தி வீட்டுக் கூடத்தில், அவர் பெட்டியில், என் கையால்.

வாசல். கயிறு. என் தலைப்பாகை. பாய்ந்தது செவலை. ஒருவன் கொம்பைத் தொட்டான், உதறியது. இன்னொருவன் துணி முனையைப் பிடித்தான், முனை மட்டும் கிழிந்து வந்தது. உன் கேமரா ஒரு இமைகூட மூடாமல் கூடவே திரும்பியது. தட்டி ஆடுகிறது, விழவில்லை. எல்லைக் கம்பைத் தாண்டியே போச்சு, கொம்பில் தட்டி நிற்கிறது! அதற்கப்புறம்தான் முள்ளு.

சம்பந்தி ரிமோட்டை வாங்கி வாசலுக்கே திருப்பிவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை அவரே விசிலடித்தார். "இவன்தான்யா எருது!" என்று என் தோளில் போட்ட அடி இன்னும் வலிக்கிறது. மருமகளே, இதையும் எழுதம்மா. எழுதுகிறாள், சிரித்துக்கொண்டே.

சொன்ன சொல் தவறவில்லை அவர். அடுத்த தைக்குக் கோயில் எருதுக்குப் பின்னால் மேளத்தோடு செவலை. நீ கேமராவை என் மகனிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தாய். அந்தப் படத்தில் நாம் ரெண்டு பேரும் இருக்கிறோம்.

நீ போய்ச் சேர்ந்து ரெண்டு தை கழிந்துவிட்டது. இந்தத் தையில் ஜவளகிரி விழாவுக்குப் போயிருந்தேன். வேறு ரெண்டு ஊருக்கு இதே சண்டை. ஒருவன் போனில் ஒரு துண்டுப் படத்தைக் காட்டிக் கத்துகிறான். சம்பந்தி தடியை ஊன்றி எழுந்தார். "வாசல்ல இருந்து எல்லை வரைக்கும் முழுசா காட்டு. எங்க ஊருல வெட்டின படம் செல்லாது!" பெரியவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவன் நான்.

ஜவளகிரியில் இப்போது அதுதான் சட்டம், மச்சான். போட்டவன் நீ.