பின்கதவுக்கு வைத்த பொட்டு

28 ஜூலை 2004, புதன்
மகள் ரோசியை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு வீட்டுக்கு வராமல் பள்ளிக்கு எதிரிலேயே நின்றேன். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்த செய்தி வந்ததிலிருந்து இப்படித்தான். அந்தப் படங்களை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைக்கிறேன். இங்கேயும் மேலே கீற்றுதான். பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடாமலிருக்க முன்வாசலில் கிரில் கேட், பூட்டு. சாவி ஆயா கெங்கம்மாவின் இடுப்பில். பின்னால் மைதானத்துக்கு ஒரு மரக்கதவு. தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு இல்லை. அதை நினைத்துத்தான் மூச்சு விடுகிறேன்.

14 ஆகஸ்ட், சனி
பெற்றோர் கூட்டம். கீற்றை எடுத்து சிமென்ட் ஷீட் போட்டாயிற்றாம். இனி சுவர் முழுக்கத் தீயை எதிர்க்கும் மைக்கா பலகையாம். கரஸ்பாண்டென்ட் லட்சுமணன் சார் 'தீ' என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

கம்பெனி ஆள் டை கட்டி வந்திருந்தார். தேக்கு மாதிரி ஒரு பலகைத் துண்டை மேசைமேல் வைத்து, அதன் மேல் சூடத்தை ஏற்றி, எரிகிறதா பாருங்கள் என்றார். யார் பார்த்தார்கள்? முன்வரிசை மொத்தமும் எழுந்து போய்த் தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒருவர் சில்லறை போட்டார். என் பக்கத்தில் இருந்தவள் செருப்பைக் கழற்றினாள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வேறு. என் கையும் பாதி தூரம் போய்விட்டது.

சூடம் தீர்ந்ததும் அவர் கைக்குட்டையால் துடைத்தார். கறையே இல்லை. கைதட்டல். தீயே பிடிக்காதா என்று கேட்டேன். "சீக்கிரம் பிடிக்காது மேடம்" என்றார். அதற்குள் போண்டா வந்துவிட்டது.

6 செப்டம்பர், திங்கள்
ஹால் நகைக்கடை மாதிரி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் தேக்கு. பின்கதவைத் தேடினேன். காணோம்.

காணோம் என்றால், நிஜமாகவே காணோம். டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். லட்சுமணன் சார் பெருமையாக வந்து நின்றார்.

"எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல மேடம். அவ்ளோ நீட் ஃபினிஷ்."

கதவை விட்டுவிட்டால் டிசைன் வெட்டுப்படுமாம். எரியாத சுவரில் தப்பிக்கிற வழி எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். சுவர் எரியாது சார், பாய் எரியும், நோட்டு எரியும், புகை வரும், கேட் பூட்டியிருக்கும் என்றேன். டீ சொல்லட்டுமா என்றார்.

7 செப்டம்பர்
வீட்டில் இவரிடம் அழுதேன். பாவம், துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கிவிட்டு வந்த மனுஷன். நடுவருஷத்தில் வேறு ஸ்கூலில் சேர்க்க மாட்டார்கள், ஜெபம் பண்ணு என்றார். பண்ணினேன். கதவு வரவில்லை.

24 செப்டம்பர், வெள்ளி
மற்ற அம்மாக்களிடம் பேசிப் பார்த்தேன். "இவ்ளோ அழகா கீது, அறுக்கச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?" என்றாள் ஒருத்தி. பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவரும் வந்தார். பலகையைத் தடவினார், தட்டினார், சான்றிதழைப் பார்த்தார், திருப்தி என்றார். கிளம்பும்போது சார் காதருகே குனிந்து, சமையலறை அலமாரிக்கு இது கிடைக்குமா என்று கேட்டார்.

ஒரு கதவு வேண்டும் என்பது அவ்வளவு பெரிய ஆசையா? எனக்குத்தான் பைத்தியமா?

20 அக்டோபர், புதன்
பள்ளியில் ஆயுத பூஜை. கெங்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு கதவாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். ஆபீஸ், பீரோ, கிரில் கேட். பிறகு ஹாலுக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு நடப்பவள் மாதிரி நேராக ஓரிடத்தில் நின்று, வழவழவென்ற தேக்கின்மேல் அப்பினாள் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்.

சார் பதறிக்கொண்டு வந்தார். சுவருக்கு எதற்குப் பொட்டு என்றார்.

"செவுரு இல்ல சார், கதவு. வருசா வருசம் நான் வெச்ச பொட்டு. மூஞ்ச மூடிட்டீங்கன்னு வைக்காம வுட்டா அது இன்னா நெனச்சிக்கும்?"

நாளும் கிழமையுமாகத் துடைக்கக் கூடாதே. அவர் ஆபீஸுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அது போதும். எங்கே என்றாவது தெரிந்துவிட்டது.

27 அக்டோபர்
பொட்டுக்குக் கீழே முழம் பூ.

1 நவம்பர், திங்கள்
பூ மட்டுமில்லை. மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், சூடம். மைக்கா அம்மன் என்று பேர்கூட வைத்தாயிற்று. சூடத்தைச் சுவரோரமே ஏற்றுகிறார்கள். உள்ளே பிள்ளைகள்! என்னம்மா இது என்று கத்தினேன். கெங்கம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள். "எரியாத செவுருன்னு சூடம் ஏத்தித்தானேம்மா காட்னாங்க?"

கெமிஸ்ட்ரி படித்த நான் பாய்களைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டேன்.

ரோசி வீட்டுக்கு வந்து எங்கள் மைக்கா அலமாரியைச் சுற்றிச் சுற்றிக் கும்பிடு போடுகிறாள். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

4 நவம்பர், வியாழன்
தெருக்காரர்கள் உண்டியல் வைக்க வந்தார்களாம். ஆடிக்குக் கூழ் ஊற்றலாம், மைதானத்துப் பக்கம் சின்னதாய் ஒரு கோபுரம் என்று பேச்சு. லட்சுமணன் சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் திருவொற்றியூரில் நடைபாதைப் பிள்ளையாரையே நகர்த்த முடியாது. அம்மன் உட்கார்ந்துவிட்டால் ஹால் போச்சு. கதவாகத் திறந்துவிட்டால் கும்பிட அங்கே சுவர் இருக்காது.

என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க அன்னிக்கே ஏதோ கதவுன்னு சொன்னீங்களே மேடம், அது சரியா எந்த இடம்?" என்றார், மெதுவாக.

பொட்டைக் காட்டினேன்.

6 நவம்பர், சனி
ஆசாரி வந்து அறுத்துவிட்டார். கதவு அப்படியே இருக்கிறது, உள்ளே இருட்டில், போன வருஷத்துப் பொட்டோடு. திறந்ததும் கடல் காற்று வந்தது. கூடவே உரக் கம்பெனி வாடையும். நான் இரண்டையும் சேர்த்து இழுத்தேன்.

அம்மனை அனுப்பாமல் அறுக்கக் கூடாது என்று கெங்கம்மா முதலில் தேங்காய் உடைத்தாள். பொட்டு வைத்த துண்டைக் குப்பையில் போட யாருக்கும் தைரியமில்லை. அவளே சேலையில் சுற்றிக்கொண்டு போனாள்.

15 நவம்பர், திங்கள்
வாசலில் பேனர்: 'குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் மூச்சு. அவசர வழி வசதி உண்டு.' பக்கத்தில் லட்சுமணன் சார் போட்டோ.

பின்கதவுக்கும் ஒரு பூட்டு வாங்கி வந்திருந்தார். கெங்கம்மா அதைக் கையில் வாங்கவே இல்லையாம். "ஆத்தா வெளிய போன வழி சார். திரும்பி வந்தா எங்க நிக்கும்?" பூட்டு அவர் மேசைமேலேயே பேப்பர் பறக்காமலிருக்கக் கிடக்கிறது. நானே பார்த்தேன்.

மூன்று மணிக்கு ரோசி பின்பக்கமாக ஓடி வந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கம்தான் வருகிறார்கள், கதவு நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. யார் சொல்லிக் கொடுத்தார்களோ. நான் தினமும் போல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். திறந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டேன்.