கண் திறந்து சொன்ன சாட்சி

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
17 ஆகஸ்ட் 1997

அன்பிற்குரிய பவளத்திற்கு,

நலம். உன் நலமறிய விழைகிறேன். கோபியில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் உன் பாதங்களைச் சோதித்து, நரம்புகளில் பழுதில்லை என்று கூறியதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆயினும் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

மே மாதம் எனக்கும் அவ்வாறே கூறினார்கள். மருத்துவர் பஞ்சுத் துண்டால் பாதத்தைத் தொட்டு, ஒவ்வொரு முறையும் தெரிகிறதா என்றார். நான் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

ஜூலையில் நம் மகன் மதன் கோயிலுக்கு அழைத்துச் சென்றான். செருப்புகளைக் காரிலேயே விட்டுவிட்டோம். தார்த்தரை கொதித்தது. எல்லோரும் துள்ளி ஓட, நான் மட்டும் நிதானமாக நடந்தேன். நாகமணி என்ற பெண்மணி, "அங்கிள், உங்க பக்திக்கு முன்னாடி நாங்கல்லாம் ஜீரோ!" என்றார். நானும் அடக்கமாகப் புன்னகைத்தேன். மறுநாள் கார்ப்பெட்டில் ஈரக்கறை எப்படி வந்ததென்று மருமகள் வான்மதி தேடினாள். என் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.

வேறொரு மருத்துவர் கண்களை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தை அழுத்திக் கேட்டார். சில வேளை தொடாமலே கேட்டாராம். அதற்கும் ஆமாம் என்றிருக்கிறேன். பின்னர் தட்டினால் அதிரும் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) பெருவிரலில் வைத்து, அதிர்வு நிற்கும்போது சொல்லும்படி கூறினார். எனக்கு அது தொடங்கவே இல்லை.

"வக்கீலா கோர்ட்ல, பதிலை எடுத்துக் கொடுக்கிற லீடிங் கொஸ்டின்னு அத்தனை தடவை அப்ஜெக்ட் பண்ணிட்டு, நீங்களே விழுந்துட்டீங்களேப்பா!" என்று காரில் மதன் சிரித்தான்.

ஆகவே கேட்கிறேன்: முகாமில் உன் கண்கள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா? திறந்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. மீண்டும் செய்துகொள். இழை மட்டும் போதாது; கவையையும் வைத்துப் பார்க்கச் சொல். வீட்டுக்குள்ளும் செருப்பணிந்து நட.

தினமும் பாதத்தை வேறொருவர் பார்க்க வேண்டுமாம். மதனும் வான்மதியும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மருமகளிடம் காலை நீட்டுவதும் முறையன்று. தரையில் கண்ணாடி வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். குனிந்தால் சற்றுத் தலை சுற்றுகிறது; வேறொன்றுமில்லை.

கிரீன் கார்டுக்காக நான் இங்கே, பள்ளிக்கூட வேலைக்காக நீ அங்கே. பணி ஓய்வுக்குப் பிறகு வந்தால் போதும் என்று முன்னர் எழுதியிருந்தேன். அவ்வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உன் பாதங்கள் நலமாயிருக்கட்டும். நலமாயிருக்கும்போதே இங்கு வந்து சேரட்டும்.

உன்,
நஞ்சப்பன்