ஒரு தட்டு என்றால் நிறுத்து

அப்பா,

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முதலில் வந்தது கிராம்புத் தைல வாசனைதான். எட்டு வருடத்தில் கீழே செருப்புக்கடை போய் செல்போன் கடை வந்துவிட்டது, மாடிப்படிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குக் கடைசிப் பல் ஒன்று ஈறைக் கிழித்துக்கொண்டு கோணலாக முளைக்கிறது. ஞானப்பல்லாம். பதினெட்டு வயதில் எனக்கு ஞானம் முளைக்கிறது என்றால் நீயே நம்பமாட்டாய். நான்கு நாளாக வீங்கிய கன்னத்தைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு பொத்தேரிக்கு ரயிலேறி, கல்லூரியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து வகுப்பே பயந்துவிட்டது.

அம்மாதான் அனுப்பினாள். "வேற எங்கயும் போவாத. சின்ன வயசுல பாத்த டாக்டர்கிட்டயே போ." அவளுக்கு அது குரோம்பேட்டையில் இருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். வேறென்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். நீ போய் நான்கு வருடமாகிறது. அதனால் நான் மட்டும்தான்.

முதன்முதலில் அந்தப் படியேறியபோது நான் இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்குத் துணிக் கம்பெனியில் ஷிப்ட், உனக்கு வார விடுமுறை. பாதிப் படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். மற்ற அப்பாக்கள் என்றால் தூக்கிக்கொண்டு போவார்கள், இல்லை முதுகில் ஒன்று வைப்பார்கள். நீ பஸ் கண்டக்டர். "உள்ள ஏறு, உள்ள ஏறு! படியில நிக்காத, பின்னாடி ஆள் வருது பாரு!" என்று கத்தினாய். மேலே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அழுகை நின்றுபோனது.

"அப்பா, பல்லுக்குப் பல்லாவரம்தானே போவணும்? இன்னாத்துக்கு குரோம்பேட்டை வந்த?"

"தூங்கிட்டேன் பாப்பா. ஸ்டாப்பிங் தாண்டிட்டோம்."

டாக்டர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து மூன்று சொத்தைப் பல் என்றார். நீ கைகட்டி நின்று, "எங்கப்பன் எனக்கு சொத்து வெக்கல மேடம். நான் எம் பொண்ணுக்கு சொத்தை வெச்சிகீறேன்" என்றாய். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. அன்றிலிருந்து எனக்கு அந்த நாற்காலி பயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீயும் நானும் பல் டாக்டரிடம் போவது, மற்ற பிள்ளைகள் பொருட்காட்சிக்குப் போவது மாதிரி.

சொத்தை வந்ததற்குக் காரணம் நான் பல் தேய்க்காததுதான். பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது நீ அதைப் பார்த்திருக்கிறாய், அம்மாவிடம் சொன்னதில்லை. பதிலுக்கு நான் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

உன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு இனிப்பு வாசனை. பாக்குப் பொட்டலம். உன்னைப் பார்த்ததும் பெட்டிக்கடைக்காரர் பலகைக்கு அடியில் கையை விடுவார், நீ கேட்கவே வேண்டாம். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள் அம்மா, இனிமேல் தொடமாட்டேன் என்று. நீயும் வைத்தாய். சாயங்காலமே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தலையில எங்க வெச்சேன்? ரிப்பன் மேலதான வெச்சேன்" என்றாய். எவ்வளவு பெரிய மூளைக்காரர் என் அப்பா என்று நினைத்தேன். எட்டு வயது எனக்கு.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீ மெல்லுவாய், படிக்கட்டில் நான் நிற்பேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். நமக்கும் அதே சட்டம். அம்மா மேலே வந்தால் நான் இரும்புக் கதவில் ஒரு தட்டு. அவள் போய்விட்டால் இரண்டு தட்டு. ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. மாடிக்கு வரும் அம்மாவிடம் காகம் காட்டுவேன், பட்டம் காட்டுவேன், இல்லாத விமானத்தைக்கூடக் காட்டுவேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு முறை போனபோது, டாக்டர் எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். "மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு வாய்க்குள்ள விடு பாக்கலாம். போச்சா? குட். நார்மலா எல்லாருக்கும் அவ்ளோ திறக்கணும்." அன்று நீ வெளியே போன் பேசிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் விளையாடினேன். உனக்கு இரண்டு விரல்கூடப் போகவில்லை.

"என் விரல் தடி. உன் விரல் குச்சி. அதான்."

"உனக்கு வாய் ஜாஸ்தின்னு அம்மா சொல்றா. இங்க பாத்தா வாயே இல்லையே!"

நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். அந்த நாட்களில்தான் நீ சாம்பாரில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்திருந்தாய், காரம் எரிகிறது என்று. பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளுவாய். எல்லாவற்றையும் பார்த்தவள் நான். எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தவளும் நான்.

அடுத்த வாரம் என் கடைசி சொத்தையைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். டாக்டர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களும் ஒரு நிமிஷம் உக்காருங்க. சும்மா பாத்துடறேன்."

"எனக்கு இன்னா மேடம், நான் கல்லையே கடிப்பேன்."

"கல்லெல்லாம் வேணாம். வாயத் திறந்து காட்டுங்க, போதும்."

நீ சிரித்து மழுப்பினாய். அவர் நகரவில்லை. கடைசியில் நீ நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. நான் அந்த நாற்காலியில் பயந்ததைவிட நீ பயந்துபோயிருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் விரல் நாற்காலியின் கைப்பிடியில் தட்டியது.

ஒரே ஒரு தட்டு.

வாயிலிருந்த பஞ்சை உள்ளங்கைக்கு மாற்றி மூடிக்கொண்டேன். "டாக்டர்! பஞ்ச முழுங்கிட்டேன்!"

ஓடிவந்த நர்ஸ், என் தொண்டையில் விளக்கு, "மூச்சு விடும்மா, இருமு, இருமு" என்று டாக்டர். நான் இருமினேன், கண்ணில் தண்ணீர் வரவழைத்தேன். நீ நாற்காலியிலிருந்து குதித்து, "ஐயோ எம் பொண்ணு!" என்றாய். கொஞ்சம் அதிகப்படியான நடிப்புத்தான். கடைசியில் டாக்டரே தேற்றினார். "பயப்படாதீங்க, தானா வெளிய போயிடும். வாழைப்பழம் குடுங்க."

"அப்ப உடனே போறோம் மேடம். பழக்கடை மூடிருவான்."

மதியம் மூன்று மணிக்கு எந்த ஊரில் பழக்கடை மூடுவார்கள்? டாக்டர் படி வரைக்கும் வந்தார். "சார், அடுத்த வாரம் நீங்க கண்டிப்பா வரணும். மறக்காதீங்க."

"ரைட் மேடம், ரைட்!"

கீழே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். சிவப்புப் பஞ்சு. நீ கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். "கில்லாடிடி நீ! எம் பொண்ணுடி நீ!" ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தாய். பஞ்சு இல்லாத பள்ளத்திலிருந்து ரத்தம் கசிந்து அதில் கலந்துகொண்டே இருந்தது. நிறம் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததே இல்லை.

அடுத்த வாரம் நீ போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

மூன்று வருடம் கழித்து உன் விசிலில் காற்று மட்டும் வர ஆரம்பித்தது. உதடு குவியவில்லை. பஸ்ஸின் தகரத்தைக் கையால் அடித்து நிறுத்துகிறாய் என்று உன் டிரைவர் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் அம்மா உன் கன்னத்துக்குள் டார்ச் அடித்தாள். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி, தாடையில் பாதியை எடுத்த ஆபரேஷன், மூக்கில் குழாய். ஊரையே பேச்சால் ஏற்றி இறக்கிய நீ, ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தாய்.

அங்கே ஒரு டாக்டர் அம்மாவிடம் கேட்டார், இதற்கு முன்பு யாராவது இவர் வாயைப் பார்த்து எதுவும் சொல்லவில்லையா என்று. "இல்ல சார். ஒருத்தர்கூடப் பாக்கல. ஒரு டாக்டர் கண்ணுலயாவது பட்டிருக்கக்கூடாதா" என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். கட்டில் கம்பியில் உன் விரல் தட்டியது.

ஒன்றுதான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது, அப்பா. நீ இல்லாமல் போன பிறகும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம், கம்பெனியில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட. "ஒரு டாக்டர் கண்ணுலயாவது." ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இன்று டாக்டர் என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "நீ அந்தப் பஞ்சுப் பொண்ணுதானே! பயப்படற பசங்களுக்கெல்லாம் உன் கதையத்தான் சொல்லுவேன். அது வெளிய வந்துச்சா இல்லையா?" எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது, நல்ல ஜோக் ஒன்று. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் அடுத்து, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டார்.

சொன்னேன். பஞ்சை விழுங்கவே இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவர் பேசும்போதே வாய் சரியாத் திறக்கலன்னு பாத்தேன். அதனாலதான் உக்காரச் சொன்னேன்."

"அப்பவே பாத்திருந்தா?"

பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "பாக்கை நிறுத்தியிருந்தா சான்ஸ் இருந்திருக்கும். நிறுத்தியிருப்பாரான்னு எனக்குத் தெரியாதும்மா." மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டே, "போன் நம்பர் என்கிட்ட இருந்துச்சு. நானும் கூப்பிடல" என்றார். வீக்கம் இறங்கிய பிறகுதான் பல்லை எடுக்க முடியும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல அது வசதியாக இருந்தது. மொட்டை மாடி, ரிப்பன், நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில். சொல்லி முடித்து அடிக்காகக் காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்ளோ நாளாடி இத மனசுல வெச்சிருந்த?"

"அப்பா போனதுலருந்து."

அம்மா கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சுவரில் மாலையோடு இருக்கும் உன் முன்னால் போய் நின்றாள். நான்கு வருடத்தில் உன்னிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்று மற்றவர்களையும் அடக்கி வைத்திருந்தவள் அவள்.

"ஏன்யா, பெத்த பொண்ணையாய்யா காவலுக்கு வெச்ச? பத்து வயசுய்யா அவளுக்கு! சாவும்போதுமா அவ வாயக் கட்டிட்டுப் போவ?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் உன் வாயை மூடியது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயை மூடியது யார் என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. அப்பா, எனக்கு உன் மேல் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறை. கிண்டலும் எகத்தாளமும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன், என்றைக்கும் வைத்திருப்பேன். இந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் வைத்திருக்கப்போகிறேன். அது இல்லாமல் உன்னை நினைத்தால் பாதிப் பொய்யாக இருக்கிறது.

நானும் எழுந்துபோய் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். இருவரும் உன்னைத் திட்டினோம். அம்மா தொடங்கியதை நான் முடித்தேன், நான் திணறியபோது அவள் எடுத்துக் கொடுத்தாள். வீங்கிய கன்னத்தோடு அழுததில் தாடையெல்லாம் வலித்தது. நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது ஒரு ஜோக் அடித்திருப்பாய். நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும்.

நாங்கள் சிரித்திருக்க மாட்டோம்.