ஆணிக்கு என் முடி இல்லை

பிப்ரவரி 3, திங்கள்
இன்றும் பள்ளியில் முதல் பீரியட் போச்சு. காலையில் மட்டும் பதினேழு முறை கை கழுவினேன். புறங்கை வெடித்து ரத்தம். அம்மா பூச்சிமருந்தடித்த மக்காச்சோளக் கொல்லையில் கூலி வேலை செய்துவிட்டு வருகிறாள். அந்த மருந்து என் கையிலும் ஒட்டியிருக்கும், நான் போட்ட சோற்றைத் தின்று தம்பி செத்துப்போவான் — இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. பொய் என்று தெரியும். தெரிந்து என்ன?

வயசுக்கு வந்த புதிதில், "எங்க ஷாலினி மாதிரி சுத்தபத்தமா யாரு இருக்கா?" என்று தெருவெல்லாம் பெருமையடித்ததும் இதே அம்மாதான். இப்போது சோப்பை ஒளித்து வைக்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்
பள்ளிக்கு ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் இதற்குப் பேர் இருக்கிறதாம் — ஓ.சி.டி. எங்கள் வயதில் நூறு பேரை எடுத்தால் ஒன்றிரண்டு பேருக்கு இருக்குமாம். வைத்தியமும் உண்டாம், கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். எங்கள் பள்ளியில் தொள்ளாயிரம் பேர். அப்படியென்றால் என்னைத் தவிர இன்னும் எட்டுப் பேராவது இருக்க வேண்டுமே, எங்கே? அவர்களும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களா?

பிப்ரவரி 6, வியாழன்
அம்மாவிடம் சொன்னேன். "அங்க போனா பைத்தியம்னு முத்திர குத்திடுவாங்கடி. உனக்குக் காத்து பட்டிருக்கு." நாளைக்கு மலையடிவாரத்துப் பூசாரியிடம் போகிறோமாம். உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்து அறுத்துவிட்டால் பேய் மரத்தோடு நின்றுவிடுமாம். நடக்காது. என் முடி.

பிப்ரவரி 7, வெள்ளி
இழுத்துக்கொண்டுதான் போனாள். மரம் பூராவும் ஆணியடித்த முடிக்கற்றைகள். எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்றில் பள்ளி ரிப்பன், சாயம்கூடப் போகவில்லை.

பூசாரி என் உச்சிமுடியைப் பிடித்தார். தட்டிவிட்டேன். "இத்தினி பேருக்கும் பேயா புடிச்சுது? இதுல எத்தினி பேருக்குச் சரியாச்சு, சொல்லுங்க!"

"பேய்தான் பேசுது" என்றார்.

"பேயி இல்ல. பதினொண்ணாவது படிக்கிற ஷாலினி பேசறேன்!" கத்திவிட்டேன்.

அம்மா அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வேணாம், ஆணியக் கீழ வைங்க சாமி" என்றாள். பஸ் ஏறினோம். ஊர் திரும்பி தியாகதுருகத்தில் இறங்கும்போது கேட்டாள்: "அந்த டாக்டரம்மா அதுக்கு இன்னா பேரு சொன்னாங்க?"

பிப்ரவரி 12, புதன்
ஆஸ்பத்திரி. மாத்திரை கொடுத்தார்கள். அம்மா தொட்ட கதவைத் தொட்டுவிட்டு, கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நல்ல வைத்தியம்! நான்கு நிமிடம் தாங்கினேன். அழுதேன்.

பிப்ரவரி 13
ஐந்து நிமிடம். சனியனே, நீயா நானா?

மார்ச் 14, வெள்ளி
குழாயடியில் அம்மாவிடம் பக்கத்துத் தெரு ராணியம்மாள் வந்து குசுகுசுத்தார். அவர் மகள் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வாசலை விட்டு நகரமாட்டேன் என்கிறாளாம். "யாருக்கும் தெரியாம அந்த ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லு, ரங்கம்மா."

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு யாருக்கும் தெரியாம? திருடவா போறோம்? வியாதி, வைத்தியம் பாக்கப் போறோம். பொண்ணக் கூட்டிக்கினு வா, நானே கூட வரேன்!"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.